தலைப்பில் நான் போட்ட கேள்விக்குறி

பத்திரிகை வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர், போன வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தபோது கேட்டார்: "சார், தலைப்புல ஒரு கேள்விக்குறி போட்டுட்டா நம்ம மேல கேஸ் வராதுல்லா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாயா கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்று சொல்லாத பதிலை இப்போது எழுதுகிறேன். நீளமாக இருக்கும், கோபமாகவும் இருக்கும். அந்தக் கோபத்தில் பாதி என்மீது. மீதியை யார் யார் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்பது படித்து முடிக்கும்போது தெரிந்துவிடும்.

2014-ஐ ஒட்டிய காலம் அது. நாகர்கோவில் பதிப்பில் நான் செய்தி ஆசிரியர். வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் அலுவலகம். இந்த வேலையில் எனக்கு இருபத்தாறு வருட அனுபவம் இருந்தது. அனுபவம் இருந்தால் தவறு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புதியவர் பயந்து பயந்து செய்யும் தவறை அனுபவசாலி தைரியமாகச் செய்வார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போது உலகமெங்கும் ஒரு தீவிரவாத அமைப்பைப் பற்றித்தான் பேச்சு. அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர்கள் பெயரை நாம் போதுமான அளவு அச்சடித்துக் கொடுத்துவிட்டோம். வளைகுடாவுக்கு அப்பால், போரில் உடைந்துபோன ஒரு நாட்டில் ஊர் ஊராக அவர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நம் மாவட்டத்தில் தெருவுக்கு நான்கு வீட்டில் ஆள் வெளிநாட்டில். அதனால் அந்தச் செய்தி நமக்கு உலகச் செய்தி அல்ல, உள்ளூர்ச் செய்தி.

ஒருநாள் மாலை ஆறரை மணிக்கு என் போனுக்கு ஒரு படம் வந்தது. அந்த அமைப்பே வெளியிட்ட வீடியோவிலிருந்து எடுத்த படம். ஐந்து பேர் வரிசையாக நிற்கிறார்கள். கையில் கொடி. முகத்தில் சிரிப்பு. 'பல நாடுகளிலிருந்து எங்களுக்குத் தொண்டு செய்ய வந்த சகோதரர்கள்' என்று கீழே எழுதியிருந்தது. இடமிருந்து இரண்டாவது ஆள் தக்கலைப் பக்கத்துக்காரர் என்று எனக்குத் தெரிந்த போலீஸ் அதிகாரி ஒருவர் போனில் சொன்னார். "நான் சொன்னேன்னு போட்டுராதீங்க" என்றார். படத்தில் நின்றவருடைய பெயரையும் சொன்னார். இங்கே அவரை நவாஸ் என்று வைத்துக்கொள்வோம். அவர் பெயர் அதுவல்ல.

எட்டரைக்கு முதல் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். இரண்டு மணி நேரம் இருந்தது. தக்கலை பதினைந்து கிலோமீட்டர். பைக்கில் ஒருவரை அனுப்பியிருந்தால் வீட்டாரிடம் பேசித் திரும்பியிருப்பார். நான் அனுப்பவில்லை. உட்கார்ந்து எழுதினேன். நவாஸ் பாலிடெக்னிக் படித்துவிட்டு அந்த நாட்டுக்கு வேலைக்குப் போன ஜெனரேட்டர் மெக்கானிக் என்று அதிகாரி சொல்லியிருந்தார். எடுப்பாக இருக்கட்டும் என்று அவரை என்ஜினீயர் ஆக்கினேன். பக்கத்தின் முழு அகலத்துக்குத் தலைப்பு: 'தீவிரவாத அமைப்பில் குமரி என்ஜினீயர்?'

எங்கள் அலுவலகத்தில் புரூஃப் பார்த்த பெண் மார்த்தாண்டத்துக்காரர், என்னைவிட இருபது வயது இளையவர். பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"சார், அவங்க வீட்டுல பேசினீங்களா?"

"கேள்விக்குறி போட்டிருக்கேன்லா. பிழை இருந்தா பாரு, போதும்."

அவர் பக்கத்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டியவன் நான். கேட்டவரின் வாயை அடைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கூச்சமாக இருந்தாலும். படத்தில் நின்ற ஆளுடைய பெயர் என் பெயரைப் போன்ற பெயராக இருந்திருந்தால், என் சொந்தக்காரர்களின் பெயரைப் போன்ற பெயராக இருந்திருந்தால், நான் வீட்டுக்குப் போன் செய்திருப்பேன். 'நம்ம பையன் எப்படி அங்க போய் மாட்டினான்?' என்று முதலில் பதறியிருப்பேன். நவாஸ் என்ற பெயரைப் பார்த்ததும் பதறவில்லை. நம்பிவிட்டேன். அந்த அமைப்பு எதை நம்ப வேண்டும் என்று விரும்பியதோ அதை, ஒரு கேள்விகூடக் கேட்காமல். கேள்விக்குறி மட்டும்தான் போட்டேன்.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு ஒரு பெண் தனியாக அலுவலகத்துக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். ஒரு கையில் எங்கள் பத்திரிகை, இன்னொரு கையில் போன். என் மேஜைக்கு எதிரே நின்று, "இத எழுதினது ஆரு?" என்று கேட்டார்.

"நான்தான். உட்காருங்க."

உட்காரவில்லை. "நான் ரஹ்மத்து. நீங்க போட்டோ போட்டியளே, அவரு எனக்க மாப்ள."

சண்டை போடுவார் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகச் சில வாக்கியங்களையும் மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் சண்டை போடவில்லை. போனை மேஜைமேல் வைத்து, ஒரு குரல்பதிவைத் தட்டினார். மூச்சிரைக்கிற ஆண்குரல், தாழ்ந்த குரல்.

"ரஹ்மத்தே, நான் உயிரோட இருக்கேன். ஆசுபத்திரிக்க அடியில ஜெனரேட்டர் ரூம்ல எங்கள பூட்டி வச்சிருக்கானுவ. கரண்ட் நிக்காம பாத்துக்கணும், அதுக்குதான் உயிரோட விட்டிருக்கானுவ. காலம்பற வெளிய கொண்டுபோயி வரிசையா நிறுத்தி, கையில கொடிய தந்து, சிரிக்கச் சொன்னானுவ. சிரிக்காதவன அடிச்சானுவ. நேபாளத்துக்காரன் ஒருத்தன் கொடிய வாங்க மாட்டேன்னான். அவன இழுத்துட்டுப் போனானுவ, பொறவு வரல்ல. டிவியில எங்கள காட்டினா நம்பாத, கேட்டியா? பிள்ளைய பாத்துக்க. இந்தப் போனு எங்கிட்ட இருக்கது அவனுவளுக்குத் தெரியாது."

பதிவு முடிந்தது. பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் தட்டச்சை நிறுத்தியிருந்தார்கள்.

"இது எப்ப வந்தது?" என்று கேட்டேன்.

"நீங்க பேப்பர்ல போட்டதுக்கு முந்தின நாளு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா அப்பவே கேக்க வச்சிருப்பேனே, சாரே."

இந்த இரண்டு நாட்களில் என்ன நடந்தது என்று அவர் சொன்னார். அழாமல், யாரோ அயல்வீட்டில் நடந்ததைப் போலச் சொன்னார். பேப்பர் வந்த அன்று காலை ஒன்பது மணிக்கு வீட்டு முற்றத்தில் டிவிக்காரர்கள். பத்து மணிக்கு போலீஸ். நவாஸின் தம்பியை அழைத்துக்கொண்டுபோய் மாலை வரை உட்கார வைத்தார்கள். தம்பி ஆட்டோ ஓட்டுபவர். மறுநாள் ஸ்டாண்டில் வண்டியைப் போடக்கூடாது என்று உடன் ஓட்டுபவர்களே சொல்லிவிட்டார்கள். நான்காம் வகுப்பில் படிக்கும் மகளை, 'கொஞ்ச நாளு வீட்டுல இருக்கட்டும்' என்று பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்பினார்கள். ஜமாஅத்தில் அந்த அமைப்பைக் கண்டித்துப் பெரிய கூட்டம் போட்டார்கள். நல்லதுதான். ஆனால் கூட்டம் முடிந்தபிறகு இவர்கள் வீட்டுப்படி ஏற ஒருவருக்கும் துணிவில்லை.

 நான் செய்யக்கூடிய ஒரே பரிகாரம் உடனே மனதில் வந்தது. "இந்தப் பதிவ அப்படியே எழுதி நாளைக்கே முதல் பக்கத்துல போடறேன். உங்க வீட்டுக்காரர் அப்பாவின்னு ஊருக்கே தெரியட்டும்" என்றேன்.

அப்போதுதான் அவர் முகம் மாறியது.

"போடாண்டாம்!"

மேஜையிலிருந்த போனை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"நீங்க போட்ட பேப்பரு அவனுவ கையில போயிருக்கு. எங்க பக்கத்து ஊருக்காரரு அந்த நாட்டுலதான் இருக்காரு, அவரு பறஞ்சாரு. எந்தெந்த நாட்டுப் பேப்பர்ல எல்லாம் வந்துச்சுன்னு வெட்டி வெட்டி அவனுவ வெளியிட்டுருக்கானுவ. நம்ம தமிழ் எழுத்தும் அதுல இருக்கு. அவனுவ நம்ம பேப்பரப் பாக்கானுவ, சாரே. போனு இருக்குன்னு தெரிஞ்சா அன்னைக்கே அவரக் கொன்னுபோடுவானுவ."

"அப்ப நீங்க எதுக்கு வந்தீங்க?"

"நீங்க இனி ஒண்ணும் எழுதாம இருக்கதுக்கு. நாங்க தீவிரவாதி வீடுன்னு பேரு எடுத்தாச்சு. அது இருக்கட்டும். அவரு வரணும். வந்த பொறவு எழுதுங்க."

மூன்று நாளில் இரண்டாவது தடவையாக ஓர் ஆளைக் கொல்லப் பார்த்தேன். முதல் தடவை அலட்சியத்தால். இரண்டாவது தடவை நல்ல எண்ணத்தால். நல்ல எண்ணத்தில் செய்கிறோம் என்ற தெம்பு இருக்கிறதே, அது அவசரத்தைவிட மோசமானது. அப்போது யாரையும் கேட்கத் தோன்றாது. அந்தப் பதிவை எனக்கு அனுப்பச் சொல்லி நான் கேட்கவில்லை. அன்று நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அது.

பதிவைக் கேட்டவர்கள் அறையில் நான்கு பேர் இருந்தோம். மாலைக்குள் தலைமை அலுவலகத்துக்குத் தகவல் போய்விட்டது. ஆசிரியர் போனில் கூப்பிட்டார்.

"வாய்ஸ் நம்ம கையில இருக்காமே? வேற எவன்கிட்டயும் இல்ல. இன்னைக்கே போடுவோம்."

"கையில இல்ல சார். கேட்டேன், அவ்வளவுதான்."

"கேட்டத எழுதுங்க. பேர் போட வேண்டாம், ஊர் போட வேண்டாம்."

"ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் ரூம்ல அடைச்சு வச்சிருக்கற தமிழன்னு எழுதினா, அது யாருன்னு தெரியறதுக்கு அவனுங்களுக்குப் பேர் எதுக்கு சார்?"

"நாம போடலேன்னா நாளைக்கு வேறொருத்தன் போடுவான்."

"போடட்டும். நம்ம கை இல்லாம இருக்கட்டும்."

 இருபத்தாறு வருஷ சர்வீஸ் உள்ள ஒருவர் இப்படி ஒரு செய்தியை விட்டுப் பார்த்ததில்லை என்றார் ஆசிரியர். வேறு ஊருக்கு மாற்றல் வரலாம் என்றும் சொன்னார். முடியாது என்று மட்டும் சொன்னேன். நீங்களும் ஒருநாள் இப்படி ஒரு போனை எடுப்பீர்கள். அந்த நேரத்தில் பெரிய வசனமெல்லாம் வராது. 'முடியாது' என்ற ஒரு சொல்லைக் கீழே போடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் போதும்.

கடைசியில் அவர் இறங்கிவந்தார். "சரி, அந்த அமைப்பைப் பத்தியாவது ஒரு முழுப்பக்கம் குடுங்க. எப்படித் தோன்றியது, என்ன நோக்கம், எப்படி வேலை செய்யறாங்க. ஜனங்க படிப்பாங்க" என்றார்.

அந்தப் பக்கத்துக்கு இரண்டு நாள் படித்தேன்.  ஒரு நாட்டை வல்லரசுக்காரர்கள் படையெடுத்து உடைக்கிறார்கள். அதன் ராணுவத்தை ஒரே கையெழுத்தில் கலைக்கிறார்கள். ஆயுதம் பிடிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாதவர்கள் அவமானத்தோடு தெருவில் நிற்கிறார்கள். அவர்களில் பலரைப் பிடித்து, மதவெறி பேசுகிறவர்களோடு ஒரே சிறையில் அடைக்கிறார்கள். ஒருவனிடம் போர்த்திட்டம் இருந்தது, இன்னொருவனிடம் வெறுப்பு இருந்தது. சிறைக்குள் இரண்டும் கைகோத்தன. அமைப்பு அப்படித்தான் வளர்ந்தது. நாட்டு எல்லைகளையெல்லாம் அழித்துத் தங்கள் ஆட்சியை நிறுவுவோம் என்றார்கள். யாருக்காகப் பேசுவதாகச் சொன்னார்களோ அந்த மக்களையே அதிகம் கொன்றார்கள். தங்கள் சொல்லுக்குத் தலையாட்டாத இமாமைக் கொன்றார்கள், ஆசிரியரைக் கொன்றார்கள், பாட்டுக் கேட்டவனைக்கூட அடித்தார்கள். இதற்குக் கடவுளின் பெயரைச் சொன்னார்கள். தக்கலையில் ஐந்து வேளை தொழுதுவிட்டு ஜெனரேட்டருக்கு ஆயில் மாற்றப் போன ஒரு மனிதனின் கடவுள் பெயரை.

ஆனால் எனக்கு உறைத்தது அவர்களுடைய வழிமுறைதான். பிடித்த ஊரை வைத்திருக்க அவர்களிடம் போதுமான ஆள் கிடையாது. அதனால் பயத்தை வைத்து ஆண்டார்கள். பயம் பரவ கேமரா வேண்டும், கேமராவில் எடுத்ததைக் காட்ட நாங்கள் வேண்டும். கொலை செய்வதற்கு முன்பே வெளிச்சம் சரிபார்த்தார்கள். பிடித்துவைத்தவர்களைத் தொண்டர்களாக நிற்கவைத்தார்கள். உலகமெல்லாம் ஆள் வந்து சேருகிறது என்று காட்டினால் எங்கோ மனம் உடைந்து கிடக்கும் இன்னொருவன் வந்து சேருவான் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் நானும் ஒருநாள் வேலை பார்த்திருந்தேன். அதற்கு என் பத்திரிகையிலேயே சம்பளமும் வாங்கினேன்.

பக்கம் தயாரானபோது புரூஃப் பார்க்கும் பெண்ணை நானே கூப்பிட்டுக் காட்டினேன். தலைமை அலுவலகம் அனுப்பிய படங்களை வைத்திருந்தோம்: முகமூடி, துப்பாக்கி, ஜீப், கொடி.

அவர் ஒருநிமிடம் பார்த்தார். "சார், எழுத்த எடுத்துட்டுப் படத்த மட்டும் பாத்தா இது அவங்க ஒட்டற போஸ்டர் மாதிரி இருக்கு" என்றார்.

எல்லாப் படங்களையும் எடுத்துவிட்டோம். ரொட்டிக்கு வரிசையில் நிற்கிற பெண்களின் படம் ஒன்றை மட்டும் வைத்தோம். கட்டுரையில் ஓரிடத்தில், நவாஸைப் பற்றிய குறிப்பே இல்லாமல், ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன்: 'ஆஸ்பத்திரிகளிலும் ஆலைகளிலும் பிடித்துவைத்தவர்களை அடித்து, கையில் கொடியைக் கொடுத்துப் படமெடுத்து, தங்கள் ஆட்கள் என்று வெளியிடுவதும் இவர்கள் வழக்கம்.' எல்லா நாட்டுப் பத்திரிகைகளும் ஏற்கெனவே எழுதியிருந்த விஷயம்தான். ஆனாலும் இந்தமுறை போனை எடுத்து ரஹ்மத்திடம் வாசித்துக் காட்டினேன்.

கவனமாகக் கேட்டார். "இன்னொருக்க வாசிங்க" என்றார். வாசித்தேன்.

"ஆசுபத்திரின்னு வேண்டாம், சாரே. ஆலையும் வேண்டாம். பிடிச்சு வச்சிருக்கவங்களன்னு மட்டும் போடுங்க. நம்ம ஊருக்காரங்களுக்கு அது போதும்."

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். என் எழுத்தில் அதற்குமுன் எத்தனையோ ஆசிரியர்கள் கைவைத்திருக்கிறார்கள். அதைவிடச் சரியான திருத்தத்தை நான் பார்த்ததில்லை.

அந்தப் பக்கத்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆகவில்லை. மகளின் வகுப்பு ஆசிரியை அதைப் படித்துவிட்டு, தலைமை ஆசிரியரிடம் பேசி, தானே வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அது நடந்தது. ஆட்டோ ஸ்டாண்டில் யாரும் மாறவில்லை. தம்பி களியக்காவிளைக்குப் போய் அங்கே வண்டி ஓட்டினார். எனக்கு முதலில் தகவல் சொன்ன போலீஸ் அதிகாரியிடம், "விசாரிக்காம சொல்லிட்டீங்களே சார்" என்று கேட்டேன். "நீங்கதானே கேள்விக்குறி போட்டீங்க" என்றார். அவருக்கும் அது வசதியாக இருந்தது.

ஏழு மாதம் கழித்து அந்த ஊர் அமைப்பின் கையிலிருந்து போனது. பூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தவர்களில் நவாஸ் இருந்தார். டெல்லியில் நான்கு நாள் விசாரித்து, குற்றமற்றவர் என்று எழுதிக் கொடுத்து, திருவனந்தபுரத்துக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள்.

அன்றே திருத்தம் போட வேண்டும் என்றேன். ஆறாம் பக்கத்தில் சின்னப் பெட்டிச் செய்தி போதும் என்றது தலைமை அலுவலகம். ராஜினாமாக் கடிதத்தை எழுதி மேஜைமேல் வைத்துக்கொண்டுதான் பேசினேன். கடைசியில் முதல் பக்கத்தின் கீழ்ப்பாதியில் இரண்டு காலம் அகலத்துக்கு, பக்க அகலத்தில் கால்வாசி, இடம் கொடுத்தார்கள். வீட்டாரைக் கேட்காமல் எழுதியது தவறு என்று என் பெயரைப் போட்டு எழுதினேன். ஒரு மனிதனைப் பக்கம் முழுக்கக் கொன்றுவிட்டு இரண்டு காலத்தில் மன்னிப்புக் கேட்பதுதான் நம் தொழிலில் நியாயம். 

மறுநாள் தக்கலைக்குப் போனேன். முற்றம் முழுக்க டிவிக்காரர்கள். 'எமனை வென்ற குமரி வீரர்' என்று ஒரு சேனலில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஏழு மாதத்துக்கு முன் இதே முற்றத்தில் நின்று இதே ஆட்கள் வேறு வார்த்தை சொன்னார்கள். அவர்களிடம் யாரும் அதைக் கேட்கவில்லை.

ரஹ்மத் என்னைப் பின்வாசல் வழியாக உள்ளே கூப்பிட்டார். நவாஸ் நாற்காலியில் இருந்தார். படத்தில் பார்த்ததைவிடப் பாதி உடம்பு. முன்பல் இரண்டு இல்லை. நான் நின்றபடியே, "நான்தான் அத எழுதினேன். மன்னிக்கணும்" என்றேன்.

"ரஹ்மத்து சொன்னா" என்றார். உட்காரச் சொன்னார்.  "அவனுவ அடிச்சுச் சிரிக்கச் சொன்னானுவ. நீங்க ஏன் நம்பினிய? ஒங்கள ஆரு அடிச்சா?"

 

பழக்கதோஷம், என் கை சட்டைப்பையில் இருந்த குறிப்பேட்டைத் தொட்டது. அங்கே நடந்ததை முழுமையாக, அவர் சொன்னபடியே, எழுதலாம் என்று நினைத்தேன். நியாயமான கதை, ஊர் படிக்க வேண்டிய கதை. "உங்களுக்குச் சம்மதம்னா..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கையை உயர்த்தினார்.

"ஒருக்கா என்னத் தீவிரவாதி ஆக்கியாச்சு. இப்ப தியாகி ஆக்காண்டாம், சார். நாளைக்கு எனக்க மவளக் கொண்டு ஸ்கூல்ல விடணும். பஸ்ல போகும்போ ஒருத்தனும் என்னத் திரும்பிப் பாக்கப்பிடாது. அதுக்கு ஒங்களால எதாவது செய்ய முடியுமா?"

முடியும் என்று சொன்னேன். அவரைப் பற்றி அதற்குமேல் ஒரு வரிகூட எங்கள் பத்திரிகையில் வரவிடவில்லை, நான் ஓய்வுபெறும் நாள் வரை. இதைக்கூட அவரிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் உங்களுக்குத் தருகிறேன்.